நண்பகலில் நடுங்கும் மலையடி

கோடை மழை ஒன்று பெய்து தூசி அடங்கிய மறுநாள் நண்பகலில், கள்ளக்குறிச்சிச் சமவெளியில் நின்று மேற்கே பார்க்கும் எவருக்கும் ஒரு முரண் தென்படும். பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கல்வராயன் மலையின் முகடு கோடு கிழித்ததுபோல் தெளிவாக நிற்க, அதைவிட மிக அருகில், அறுவடை முடிந்த வயலின் மறுகரையில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மோட்டார் கொட்டகை மட்டும் நெளிந்து நடுங்கிக்கொண்டிருக்கும். தொலைவு கூடினால் தெளிவு குறையும் என்பது பொது அறிவு. இங்கே அந்த அறிவு தலைகீழாகிறது.

இதே முரண் கடைக்கண்ணாடிக்குள்ளும் இருக்கிறது. தொலைநோக்கி வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, அது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதுதான். நெடுந்தொலைவு இலக்குச் சுடுதலில் துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் தொலைநோக்கியான ‘குறிநோக்கி’ (சுடுவோர் வழக்கில் ஸ்கோப்) 25 மடங்கு, 40 மடங்கு, அதற்கும் மேல் என்று விற்கப்படுகிறது. ஆனால் அதன் திருகை 12 மடங்கிலிருந்து 25 மடங்குக்குத் திருப்பியவர்களில் பலர், நண்பகலில் அதைத் திரும்பவும் 12-க்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். பெரிதாக்கினால் தெரியவேண்டியது ஏன் தெரியாமல் போகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

பாகையும் கலையும் விகலையும்

தொலைவில் இருக்கும் பொருளின் அளவைச் சென்டிமீட்டரில் சொல்வதைவிட, அது கண்ணில் எவ்வளவு கோணத்தைப் பிடிக்கிறது என்று சொல்வதே பயன்படும். இதற்குப் பஞ்சாங்கக் கணிதத்திலேயே நல்ல சொற்கள் இருக்கின்றன: ஒரு பாகையை 60-ஆகப் பகுத்தால் ஒரு கலை, ஒரு கலையை 60-ஆகப் பகுத்தால் ஒரு விகலை. முழு நிலவு வானத்தில் பிடிக்கும் கோணம் ஏறத்தாழ 30 கலை. ஆயிரம் மீட்டர் தொலைவில் ஒரு கலை என்பது 29 சென்டிமீட்டர், ஒரு விகலை என்பது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வரும் கணக்கெல்லாம் வாய்ப்பாட்டு அளவிலேயே முடிந்துவிடும்.

நல்ல வெளிச்சத்தில், குறையற்ற மனிதக் கண் இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக் காண, அவற்றுக்கிடையே ஒரு கலையளவு இடைவெளி வேண்டும். இதைத்தான் இயற்பியல் பாடநூல்கள் பிரிதிறன் என்கின்றன. ஆகவே ஆயிரம் மீட்டரில் வெறுங்கண்ணுக்கு, 29 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நிற்கும் இரண்டு கழிகள் ஒன்றாகவே தெரியும். 25 மடங்கு பெருக்கும் கருவி இந்த 29 சென்டிமீட்டரை 25-ஆல் வகுத்து, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகக் குறைக்கிறது. காகிதத்தில் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

கண்ணாடி முடியும் இடம்

எடுத்துக்காட்டாக ஒரு குறிநோக்கியை எடுத்துக்கொள்ளலாம். அதன் மேல் 5–25×56 என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது 5 மடங்கிலிருந்து 25 மடங்குவரை உருப்பெருக்கத்தை மாற்றலாம், ஒளியை உள்வாங்கும் முன்வில்லையின் விட்டம் 56 மில்லிமீட்டர். வாங்குவோர் முதல் இரண்டு எண்களைப் பார்க்கிறார்கள். கருவியின் உண்மையான வரம்பு மூன்றாவது எண்ணில் இருக்கிறது.

ஒளி ஓர் அலை என்பதால், ஒரு வட்டத் துளை வழியாக நுழையும்போது அதன் விளிம்பில் சற்றே சிதறுகிறது. பாடநூல்கள் விளிம்பு விளைவு என்று குறிப்பிடும் இந்தச் சிதறல், எவ்வளவு நேர்த்தியாக அரைக்கப்பட்ட வில்லையிலும் தவிர்க்க முடியாதது; வில்லை சிறுக்கச் சிறுக்க அது கூடும். 56 மில்லிமீட்டர் வில்லைக்கு இதனால் வரும் வரம்பு ஏறத்தாழ 2 விகலை, அதாவது ஆயிரம் மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். கண்ணின் வரம்பு 60 விகலை, வில்லையின் வரம்பு 2 விகலை. ஆகவே 30 மடங்கு பெருக்கியதுமே வில்லை தரக்கூடிய எல்லாவற்றையும் கண் வாங்கிக்கொண்டுவிடுகிறது. அதற்கு மேல் பெருக்குவது, செய்தித்தாளில் அச்சான படத்தை உருப்பெருக்கியால் பார்ப்பதற்கு ஒப்பானது: புள்ளிகள் பெரிதாகும், முகம் தெளியாது. இதை வெற்றுப் பெருக்கம் எனலாம்.

வெற்றுப் பெருக்கத்துக்கு விலையும் உண்டு. கண்ணருகு வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம், முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 25 மடங்கில் அது 2.2 மில்லிமீட்டர், பகலில் சுருங்கியிருக்கும் கண்மணிக்கு அது போதும். அதே வில்லையை 50 மடங்குக்கு இழுத்தால் கற்றை 1.1 மில்லிமீட்டராகச் சுருங்கி, படம் மங்குகிறது. தலை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் காட்சி கறுத்துப்போகிறது. பார்வைப் பரப்பும் பாதியாகிறது.

ஆயினும் இதுவரை சொன்னது கண்ணாடிக்குள் நடப்பது மட்டுமே. கள்ளக்குறிச்சி வயல்வெளியில் நண்பகலில் 30 மடங்குவரை போவதற்கே வாய்ப்பில்லை, ஏனெனில் அதற்கு வெகுமுன்பே வேறொன்று குறுக்கே வந்துவிடுகிறது.

ஒரு தாளின் கனம்

காற்றில் ஒளி, வெற்றிடத்தில் செல்வதைவிடச் சற்று மெதுவாகச் செல்கிறது. வேறுபாடு பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. காற்று சூடானால் அடர்த்தி குறைவதால், அந்த வேறுபாடும் குறைகிறது: ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய எண் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றுவது இயல்பு.

ஒரு வயலின் இக்கரையில் குறிநோக்கியும், ஆயிரம் மீட்டருக்கு அப்பால் அக்கரையில் ஓர் இலக்குப் பலகையும் இருப்பதாகக் கொள்வோம். தரை சூடாக இருப்பதால், பார்வைக்கோட்டின் உயரத்தில் காற்று மேலே செல்லச் செல்லக் குளிர்கிறது. ஒரு மீட்டர் உயரத்துக்குப் பத்தில் ஒரு டிகிரி மட்டும் குளிர்வதாக வைத்துக்கொள்ளலாம்; வெயில் ஏறிய தரிசு நிலத்தின் மேல் இது மிகையான மதிப்பன்று. அப்படியானால் ஒரு மீட்டர் மேலே செல்லும் ஒளி, கீழே செல்லும் ஒளியைவிடக் கோடியில் ஒரு பங்கு மெதுவாகச் செல்கிறது. ஆயிரம் மீட்டரைக் கடப்பதற்குள் மேல் ஒளி பின்தங்கும் தூரம் பத்தில் ஒரு மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் கனம்.

மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கினால் வண்டி சேற்றுப் பக்கமே திரும்புவதுபோல, ஒளியும் தான் மெதுவாகச் செல்லும் பக்கம், இங்கே மேல்நோக்கி, வளைகிறது. மீட்டருக்கு ஒரு தாள் கனம் என்ற அந்தச் சாய்வைக் கோணமாக மாற்றினால் ஏறத்தாழ 20 விகலை. வளைவு ஒரே இடத்தில் நிகழாமல் வழிநெடுகப் பரவியிருப்பதால், பலகை இடம் பெயர்ந்து தெரிவது அதில் பாதி, 10 விகலை. ஆயிரம் மீட்டரில் அது 5 சென்டிமீட்டர்.

கண்ணாடியின் வரம்பு ஒரு சென்டிமீட்டர், காற்று நகர்த்துவது 5 சென்டிமீட்டர். அந்த நகர்வு நிலையாக இருந்தாலாவது கருவியை ஒருமுறை திருத்திவிட்டு மறந்துவிடலாம். ஆனால் சூடான காற்று குமிழ் குமிழாக எழுவதும் குளிர்ந்த காற்று இறங்குவதுமாக, அந்தப் பத்தில் ஒரு டிகிரி நொடிக்கு நொடி கூடிக் குறைகிறது. பலகை மேலும் கீழுமாக ஆடுகிறது. வில்லையின் ஒரு பகுதி வழியாக வரும் ஒளியும் மறுபகுதி வழியாக வரும் ஒளியும் வெவ்வேறாகச் சாய்வதால் விளிம்புகள் கரைகின்றன. பெருக்கத்தைக் கூட்டினால் பலகையோடு இந்த ஆட்டமும் அதே மடங்கில் பெருகுகிறது. சாலையில் தெரியும் கானல் நீர் இதே வளைவின் முற்றிய வடிவம்தான்.

இந்தக் கணக்கிலிருந்து, பலர் கவனிக்காத ஒரு கிளைச் செய்தியும் கிடைக்கிறது. ஒளி வளைவது இலக்கின் அருகிலா, கண்ணின் அருகிலா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்: இலக்கின் அருகில் நேரும் வளைவு படத்தை அதிகம் நகர்த்துவதில்லை, கண்ணின் அருகில் நேரும் வளைவோ முழுப் பார்வைக்கோட்டையும் சுழற்றிவிடுகிறது. ஆகவே கருவிக்கு முன்னால் இருக்கும் முதல் நூறு மீட்டர் காற்றே மிகக் கொடியது. பல குண்டுகள் சுட்டுச் சூடேறிய துப்பாக்கிக் குழலின் மேல் எழும் காற்றுகூட முன்வில்லைக்கு எதிரே போய்ப் படத்தைக் குலைக்கும் என்பதால்தான், போட்டியாளர்கள் குழலின் மேல் நீளவாக்கில் ஒரு பட்டையைக் கட்டி அந்தச் சூட்டைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறார்கள்.

தொடக்கத்தில் கண்ட முரணும் இங்கே அவிழ்கிறது. மலைமுகட்டை நோக்கும் பார்வைக்கோடு தொடக்கத்திலிருந்தே மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், சில நூறு மீட்டருக்குள் தரையின் சூட்டிலிருந்து விடுபட்டு உயர்ந்துவிடுகிறது. மோட்டார் கொட்டகையை நோக்கும் கோடோ, ஆயிரம் மீட்டரும் கொதிக்கும் காற்றுக்குள்ளேயே தவழ்கிறது.

லாம்டனுக்கும் பாப்புவுக்கும் இதே தொல்லை

காற்றோடு மல்லுக்கட்டியவர்கள் சுடுவோர் மட்டுமல்லர். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண நில அளவை, தொலைவில் உள்ள குறிகளைக் கோணமானியின் தொலைநோக்கி வழியே பார்ப்பதையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. அரை டன் எடையுள்ள அந்தக் கோணமானி 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே தூக்கப்பட்டபோது கயிறு அறுந்து மோதிச் சிதைந்த கதை பலரும் அறிந்தது. காற்று அவர்களுக்குக் கொடுத்த தொல்லை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், 1830-களில் பகற்குறிகளை மட்டும் நம்பாமல் இரவில் விளக்குகளை ஏற்றி அவற்றை நோக்கும் முறைக்குப் பெரிதும் மாறினார். இரவில் தரை குளிர்ந்து அதையொட்டிய காற்றும் குளிர்வதால் ஒளி இப்போது கீழ்நோக்கி வளைகிறது. பகலில் நிலத்தின் மேட்டுக்குப் பின்னே மறைந்திருந்த குறிகளும் அப்போது மேலெழுந்து தெரிந்தன.

கல்வராயனுக்கு வடக்கே, ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் வானியலறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடத்தில் அமைந்த ஆய்வுக்கூடம் இன்னும் தெளிவான சான்று. 1986-இல் திறக்கப்பட்டபோதே அவர் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடி, கணக்கின்படி ஒரு விகலையில் இருபதில் ஒரு பங்கைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் காற்று விடுவதோ பெரும்பாலும் ஒரு விகலைக்கும் மேல்தான். கவனிக்க வேண்டியது வேறொன்று. விண்மீனின் ஒளி கடந்து வரும் காற்று முழுவதையும் தரைமட்ட அடர்த்திக்கு அழுத்தினால் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தடிமன்தான் இருக்கும். அத்தனை காற்றும் சேர்ந்து ஒன்றிரண்டு விகலை அளவுக்குக் கலைக்கும் படத்தை, நண்பகலில் ஒரேயொரு கிலோமீட்டர் தரிசுக் காற்று அதைவிடப் பல மடங்கு கலைத்துவிடுகிறது. பாதையின் நீளத்தைவிட, அது தரையை ஒட்டிப் போகிறதா என்பதே படத்தைத் தீர்மானிக்கிறது.

கானலே காற்றுமானி

இவ்வளவு சொன்ன பிறகு கானலை, அதாவது சூடான காற்றின் இந்த நடுக்கத்தை, பகை என்று எண்ணத் தோன்றும். நெடுந்தொலைவுச் சுடுதலில் தேர்ந்தவர்கள் அப்படி எண்ணுவதில்லை.

குறிநோக்கியுடன் நெடுந்தொலைவில் போட்டியிடும் முறைகளுள் எஃப் கிளாஸ் என்பது பரவலானது; கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபர்குஹர்சனின் குடும்பப் பெயரின் முதலெழுத்தே அதன் பெயராயிற்று. அதில் 1000 கெஜ (914 மீட்டர்) தொலைவில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம், ஏறத்தாழ ஒரு கலை. ஒலிம்பிக் போட்டிகளில் குறிநோக்கிக்கு இடமில்லை. கள்ளக்குறிச்சியும் முன்பு அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரான கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் சுடுவது, வில்லை எதுவுமில்லாத துளைக்குறி வழியாகத்தான். அந்த இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர். அதைத் தனியே கண்டு யாரும் குறிபார்ப்பதில்லை. கறுப்பு வட்டத்தைத் துளைக்குறியின் நடுவே சரியாக அமர்த்துகிறார்கள். ஒரு வட்டத்தை இன்னொரு வட்டத்தின் நடுவில் வைப்பதில் கண், தன் பிரிதிறனை மிஞ்சிய நுட்பம் காட்டக்கூடியது. குறிபார்ப்பதற்கு நுண்விவரம் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நெடுந்தொலைவில் உண்மையான சிக்கல் காற்றின் வேகம். 7.62 மில்லிமீட்டர் குண்டு 1000 கெஜத்தைக் கடக்க ஒன்றரை நொடிக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகப் பக்கக்காற்று அதை 2 மீட்டருக்கும் மேல் தள்ளிவிடுகிறது. அதாவது காற்றின் வேகத்தை மணிக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் தவறாகக் கணித்தாலே, மற்றெல்லாம் சரியாக இருந்தும், குண்டு பத்து வளையத்தின் விளிம்புக்குப் போய்விடும். 25 மடங்கா 40 மடங்கா என்ற விவாதம் இந்த எண்ணுக்கு முன் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறது.

அந்த வேகத்தைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் கானல். காற்று அசையாதபோது, அல்லது நேரெதிராகவோ பின்னாலிருந்தோ வீசும்போது, கானல் அடுப்பில் கொதிக்கும் நீர்போல் மேல்நோக்கி எழுகிறது. பக்கக்காற்று தொடங்கியதும் சாய்ந்து அலையலையாக ஓடுகிறது. வேகம் கூடக்கூட அலைகள் தட்டையாகி, மணிக்கு 20 கிலோமீட்டர் அளவைத் தாண்டும்போது காற்று நன்கு கலந்துவிடுவதால் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அனுபவமுள்ளவர் இலக்கைத் துல்லியமாகக் குவிக்காமல், குவியத்தைச் சற்று முன்னே இழுத்து, வழியின் நடுவில் ஓடும் கானலைப் படிக்கிறார். இதற்குப் பெரும் பெருக்கம் தடையாகவே இருக்கும். 15 முதல் 20 மடங்கில் கானலின் ஓட்டமும் இலக்கின் வட்டமும் ஒருசேரத் தெரிகின்றன.

துப்பாக்கி இல்லாமல் ஒரு சோதனை

கல்வராயன் மலைப்பகுதியில் துப்பாக்கி என்றதுமே செய்தி வாசிப்பவருக்கு நினைவுக்கு வருவது உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கிகள். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். குறிநோக்கியைச் சோதிக்கத் துப்பாக்கியே தேவையில்லை என்பது இங்கே வசதியான உண்மை. கனமான ஒரு தாங்கியில் கருவியை ஆடாமல் இறுக்கி, நூறு மீட்டரில் செங்குத்துக் கோடும் அதன் மேல் அளவுகளும் வரைந்த பலகையை நிறுத்தினால் போதும்.

முதலில் குறுக்கிழையை, அதாவது காட்சியின் நடுவில் தெரியும் சிலுவைக் கோட்டை, பலகையின் அடியில் வைக்க வேண்டும். கருவியின் மேல்திருகு ஒவ்வொரு சொடுக்குக்கும் கால் கலை நகர்த்தும் என்றால் 40 சொடுக்குகளில் 10 கலை. நூறு மீட்டரில் அது 29.1 சென்டிமீட்டர். குறுக்கிழை அந்த அளவில் போய் நிற்கிறதா, கோட்டைவிட்டு விலகாமல் செல்கிறதா, 40 சொடுக்குகள் திரும்பச் சுழற்றினால் தொடங்கிய இடத்துக்கே வருகிறதா என்று பார்ப்பதுதான், ஒரு குறிநோக்கிக்கு வைக்கக்கூடிய தேர்வுகளில் மிகக் கடுமையானது. 1000 கெஜத்தில் குண்டு 10 மீட்டர் அளவுக்குக் கீழிறங்குவதால் அதை ஈடுசெய்ய இந்தத் திருகையே நம்ப வேண்டியிருக்கிறது. திருகு நூற்றில் இரண்டு பங்கு பிசகினால் 20 சென்டிமீட்டர் பிசகும், அதுவும் பத்து வளையத்துக்கு வெளியே. பிறகு, கருவியைத் தொடாமல் தலையை மட்டும் இடம் வலமாக அசைத்துப் பார்க்க வேண்டும். குறுக்கிழை பலகையின் மேல் நகர்ந்தால், படமும் இழையும் ஒரே தளத்தில் விழவில்லை என்று பொருள். பள்ளி ஆய்வகத்தில் அளவுகோலைப் பக்கவாட்டிலிருந்து படிக்கும்போது நேரும் அதே இடமாறு தோற்றப் பிழைதான் இது. இதைச் சரிசெய்யும் பக்கத்திருகு நல்ல கருவிகளில் இருக்கும்.

பெருக்கத்தைச் சோதிக்க வேண்டுமானால் ஆயிரம் மீட்டர் வேண்டும், அதற்கு நேரமும் இடமும் பார்க்க வேண்டும். சூரியன் எழுந்து சிறிது நேரத்திலும், மறைவதற்குச் சற்று முன்னும், தரையும் காற்றும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வரும் ஒரு சிறு இடைவேளை உண்டு. 25 மடங்கு தன் முழு மதிப்பைக் காட்டுவது அப்போதுதான். தரிசின் மேல் பார்ப்பதைவிட, நீர் பாய்ந்த கரும்புத் தோட்டத்தின் மேல் பார்ப்பது மேல். இலைகளிலிருந்து நீராவி வெளியேறுவதால் அங்கே காற்று அவ்வளவு சூடாவதில்லை. தரைமட்டத்தில் படுத்துப் பார்ப்பதைவிட ஏரிக்கரையின் மேல் கருவியை வைப்பது இன்னும் மேல், ஏனெனில் கொடிய அந்த முதல் நூறு மீட்டர் உயரமாகிவிடுகிறது. மலைக்குள் ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவைப் பார்த்தால் நண்பகலிலும் படம் ஓரளவு அமைதியாக இருக்கும். குறிநோக்கியாலோ வேறெந்தத் தொலைநோக்கியாலோ சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்கக் கூடாது, பார்வை போய்விடும்.

இவ்வளவு கவனத்துக்குப் பின்னும் ஒன்றைக் குறிநோக்கி காட்டித் தருவதில்லை. 7.62 மில்லிமீட்டர் குண்டு துளைத்த ஓட்டை, 56 மில்லிமீட்டர் வில்லையின் ஒரு சென்டிமீட்டர் வரம்புக்கும் உட்பட்டது. ஆகவே காகித இலக்கு வைக்கும் நெடுந்தொலைவுச் சுடுதளங்களில், இலக்கின் கீழே வெட்டிய பாதுகாப்பான குழியில் இருப்பவர், ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் பலகையைக் கீழே இழுத்து, ஓட்டையில் ஒரு வண்ண வட்டைச் செருகி, மீண்டும் மேலே ஏற்றிக் காட்டுகிறார்.